பதினொரு நாளும் தெள்ளுத்தான்

போன மாதம் மகளின் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் கிரிக்கெட் விளையாடப் போடும் நீள வெள்ளைச் சொக்ஸை முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கட்டிலுக்குக் கீழே காலை விட்டுக்கொண்டு நின்றேன். அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். நாய் படுக்கிற சாக்கில் இரண்டு நிமிடம் நின்றேன். மருமகன் நல்ல பிள்ளை, வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மகள்தான் "அம்மாவுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் முற்றத்து வெயிலுக்கு வந்து காலைப் பார்த்தேன். வெள்ளையில் நாலு கறுப்புப் புள்ளி. ஒன்றைத் தொடப் போனேன், அது அங்கே இல்லை.

தெள்ளு.

என் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மகளின் வயதுக்காரர் எது கடித்தாலும் நுளம்பு என்கிறார்கள். நுளம்பு வெளியே தெரிகிற இடமெல்லாம் கடிக்கும். தெள்ளு கணுக்காலைச் சுற்றிக் கடிக்கும், மூன்று நாலாகப் பக்கத்தில் பக்கத்தில். உண்ணி என்றால் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு ஊதும். மூட்டைப்பூச்சி தையலுக்குள் ஒளியும். தெள்ளு மண்ணிறம், இரண்டு பக்கமும் சப்பை, விரலால் நசுக்கினால் சாகாது, நகத்துக்கு நகம் வைக்க வேண்டும். இவ்வளவும் எனக்குப் புத்தகத்தால் வந்ததில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஏன் நின்றேன் என்பதையும் இதிலேதான் சொல்லப்போகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ஒழுங்கையில் வீடு. அப்பா கப்பலில் இருந்து மூட்டை இறக்குகிறவர். முன்னறைக்குச் சீமெந்து, பின்னறை மண் நிலம். அந்தப் பின்னறையில் அப்பா கொண்டுவருகிற வெறும் சாக்குகளை அடுக்கி வைத்திருப்போம். மாவும் கடற்பாசியும் கலந்த ஒரு மணம் எந்த நேரமும் அந்த அறையில் இருக்கும். அதற்குள்தான் நானும் தம்பியும் பாய் போட்டுப் படுப்பது. தம்பிக்கு மூன்று வயது.

வீட்டில் மாமியும் இருந்தா, அப்பாவின் அக்கா. மாமா செத்த பிறகு கிளிவெட்டியில் இருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவா. மாமிக்கு ஒரே ஒரு பிள்ளை பிறந்து, அது மூன்று வயதில் அம்மாள் வருத்தத்தில் போய்விட்டது. உங்களுக்குத் தெரியும், அம்மை, சின்னமுத்து, கொப்புளிப்பான் எதையும் நாங்கள் பேர் சொல்வதில்லை, அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வது. மாமி அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைப்பதே இல்லை. ஆனால் தம்பியின் மேலுக்கு ஒரு தடிப்பு வந்தாலும் முதலில் ஓடிவந்து தொட்டுப் பார்ப்பது மாமிதான்.

அந்த வருடம் கச்சான் காற்று, எங்கள் பக்கத்து வெக்கைக் காற்று, தொடங்கினபோது ஒரு செம்பூனை எங்கிருந்தோ வந்து சாக்கு அடுக்கின் பின்னால் மூன்று குட்டி போட்டது. அப்பாவுக்குப் பூனை ஆகாது. அதற்கு முதல் வருடமும் ஒரு பூனையைக் குட்டிகளோடு சாக்கில் கட்டி, மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏற்றி அக்கரையில் விட்டுவிட்டு வந்தவர். கடலைத் தாண்டி விட்டால் பூனை வழி கண்டு திரும்பாது என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இந்தப் பூனையை நான் அழுது கேட்டபடியால் வீட்டில் விட்டுவைத்தார். ஆனால் ஒரு கதை சொல்லிவிட்டார்: இதால வீட்டில ஒரு கரைச்சல் வந்ததோ, அண்டைக்கே லோஞ்ச்.

கரைச்சல் ஒரு கிழமைக்குள் வந்தது. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். பூனை குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழும்பி வாலடியைக் கடிக்கும். காதுக்குப் பின்னால் பின்னங்காலால் சொறிகிற சத்தம் இரவில் பலகையில் தட்டுவது போலக் கேட்கும். வாலடியில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. மயிரை விலக்கிப் பார்த்தேன், மிளகுத் தூள் போலக் கறுப்பாகக் கிடந்தது. ஊத்தை என்று நினைத்து அம்மாவின் பேன் சீப்பை எடுத்து இழுத்து, சதுரக் கொப்பித் தாளில் தட்டினேன். ஊதித் தள்ளப் பார்த்தேன், போகவில்லை. விரலில் எச்சில் தொட்டு அழுத்தினேன். தாளில் அந்தத் தூளைச் சுற்றிச் சிவப்பு ஊறியது.

அது இரத்தம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. குடித்த இரத்தத்தைத்தான் தெள்ளு அப்படிக் கழிக்கிறது என்று பிற்காலத்தில் ஒரு மிருக வைத்தியர் சொல்லித் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பூனையில் ஏதோ இருந்து இரத்தம் குடிக்கிறது, அது என் காலிலும் கடிக்கிறது, அப்பா அறிந்தால் லோஞ்ச். நான் அந்தத் தாளை நாலாய் மடித்து அடுப்பில் போட்டேன். பேன் சீப்பைக் கழுவாமலே திரும்ப வைத்தேன். இதைக்கூட நான் இன்னும் நினைத்து நினைத்து அருவருக்கிறது உண்டு, அம்மா அதால்தானே தலை இழுத்தவா என்று.

தினமும் பள்ளிக்கூடத்தால் வந்து சீப்பால் இழுத்து, சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையில் தெள்ளுகளைப் போட்டேன். பத்துப் பிடித்தால் அடுத்த நாள் இருபது. அவை பூனையில் இல்லை, மண்ணிலும் சாக்கிலும்தான் பெருகுகின்றன என்று எனக்கு யார் சொல்லித் தந்தது?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை தம்பி எழும்பினபோது இரண்டு காலிலும், காற்சட்டை இலாஸ்டிக் இறுக்குகிற இடுப்பைச் சுற்றியும் செக்கச் சிவந்த புள்ளிகள். அம்மா நுளம்பு என்றா. மாமி வந்து குந்தி இருந்து, பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தா. கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டா.

"அம்மாள் வந்திருக்கிறா," என்றா. "ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ."

வைகாசி மாதம். அம்மன் கோயிலில் பொங்கல் முடிந்து ஒரு கிழமை ஆகவில்லை. அந்த நாட்களில் பிள்ளை மேலில் சிவப்பைக் கண்டால் வேறு எதை நினைப்பது? இன்றைக்கு இருந்து யோசித்தால் எல்லாம் பிழையாக இருந்தது தெரிகிறது. காய்ச்சல் இல்லை. முகத்தில் ஒன்றுமில்லை, நெஞ்சில் ஒன்றுமில்லை. நீர் கோத்த கொப்புளம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மாமி ஒருதரம் அதைக் கண்ட ஆள். பயந்த கண்ணுக்கு அது எப்பவும் தெரியும். எனக்கும் அந்தக் கண் வாய்த்துவிட்டது, அதனால்தான் சொல்கிறேன்.

வாசல் படலையில் வேப்பிலை கட்டினார்கள். அதோடு வீட்டுக்குள் எல்லாம் மாறியது. பொரிக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. தலை இழுக்கக்கூடாது. உடுப்பை அடித்துத் தோய்க்கக்கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடாது, அம்மாள் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கிற நாள் வரை. வீட்டில் விளக்குமாறு தொடக்கூடாது. ஒரு உயிரையும் வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது, கொல்லக்கூடாது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை நான் இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் பூனை அப்பாவின் கால்மாட்டில் வந்து படுத்துச் சொறிந்தது. அப்பா காலை ஓங்கினார். மாமி அப்பாவைப் பார்த்து "தம்பி" என்று ஒரு சொல்லுத்தான் சொன்னா. அப்பா காலை இழுத்துக்கொண்டார். அம்மாள் வீட்டில் இருக்கும் மட்டும் பூனையை ஒருவரும் தொட ஏலாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பின்னறை மண்ணில் வெள்ளை வேட்டி விரித்து, வேப்பிலை பரப்பித் தம்பியைக் கிடத்தினார்கள். மாமி பக்கத்தில் இருந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொண்டே இருந்தா. கூட்டாத வீடு, தோய்க்காத துணி, குளிக்காத பிள்ளை, கச்சான் வெக்கை. தெள்ளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்றாம் நாள் புள்ளி கூடியது. ஐந்தாம் நாள் தொடை வரைக்கும் வந்தது. மாமியின் கணுக்காலிலும் போட்டிருந்தது. அம்மாள் என்னிலயும் விளையாடுறா என்று சொல்லி மாமி அதையும் வேப்பிலையால் தடவினா. சொறிந்ததே இல்லை. எனக்கு அது இப்போதும் ஆச்சரியம்.

ஏழாம் நாள் தண்ணீர் வார்த்திருக்க வேண்டும். புதுப்புள்ளி வந்துகொண்டே இருந்ததால் வார்க்க முடியவில்லை. ஆரோ வீட்டில பிழை விட்டிருக்கிறியள் என்று மாமி சொன்னா. அம்மா, அப்பாவின் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு செத்தல் மிளகாயும் ஒரு துண்டுக் கருவாடும் பின்வளவில் ஒளித்துப் பொரித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டா. வெறும் சோறும் மோரும் தின்றுவிட்டு அந்த மனிசன் எப்படி மூட்டை தூக்கும் என்று கேட்டா. மாமி ஏசவில்லை. ஏசியிருந்தால் அம்மா தாங்கியிருப்பா. மாமி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா, அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா ஒரு நேரச் சாப்பாடு. கோயிலில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டா.

அம்மா அடுப்படியில் இருந்து அழுததை நான் பார்த்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குட்டிகள் அப்போதுதான் கண் திறந்து சாக்குக்கு மேலால் ஏறி விழப் பழகின.

தம்பி சின்னப் பிள்ளை, அவனுக்கு வேப்பிலை போதாது. சொறிந்தான். நகம் பட்ட இடமெல்லாம் புண்ணாகி, மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. ஒன்பதாம் பத்தாம் நாளில் அவன் சொறிகிறதையும் விட்டான். முகம் உப்பிப்போய்க் கண் இரண்டும் சின்னதாகத் தெரிந்தது. மூத்திரம் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் என்று அம்மா கேட்டா. மாமி குறுக்கே வந்து நின்றா. அம்மாள் இருக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போடுவித்தால் பிறகு பிள்ளை இல்லை என்றா. தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினதால்தான் அது போனது என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக வாய் திறந்து சொன்னா. அதைக் கேட்டுவிட்டு அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். நாளைக்குப் பார்ப்பம் என்று வேலைக்குப் போய்விட்டார்.

பதினோராம் நாள் காலை. மாமி வேப்பிலை ஒடிக்க வெளியே போயிருந்தா. நான் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு தெள்ளு அவனுடைய இமைக்குக் கீழே, அந்த வீக்கத்தில், நடந்தது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்தா. அவன் படுத்திருந்த வேட்டியில் கறுப்புத் தூள் கிடந்த இடத்தைக் காட்டி, செம்பில் இருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வெள்ளை வேட்டியில் அது சிவந்து பரவியது. பிறகு பூனையின் வாலடியைப் பிரித்துக் காட்டினேன், அதே தூள். அம்மா பார்த்தா. சாக்கைத் தூக்கிப் பார்த்தா. காலடியில் கருஞ்சீரகம் கொட்டினதுபோல் துள்ளியது.

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"அம்மாள் வர முதலே."

அம்மா கையை ஓங்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா, யாரோ தெரியாத பிள்ளையைப் பார்க்கிறது போல. பிறகு தம்பியை வேட்டியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு, கொண்டையை முடியாமல், படலையில் கட்டின வேப்பிலையைத் தலையால் தட்டிக்கொண்டு வெளியே போனா. எதிரே மாமி கொத்தோடு வந்தா. அம்மா நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற மிசி வேட்டியை விரித்தபோது கட்டிலின் வெள்ளைச் சீலையில் இரண்டு தெள்ளு பாய்ந்ததாம். புண்ணில் இருந்து விசம் போய்ச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். தம்பி ஒரு மாதத்துக்கு மேல் வார்ட்டில் கிடந்தான். உப்பில்லாச் சோறு. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் என்னைக் கண்டு சிரித்தான். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

அம்மா வீட்டில் வந்து சொன்னது, மிசிதான் தெள்ளைக் கண்டுபிடித்தா என்று. என் பேரை எடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, சாகும் வரைக்கும் இல்லை. மாமி அதைக் கேட்டுச் சுவரோடு சாய்ந்து இருந்தா.

"அப்ப பதினொரு நாளும் நான் தெள்ளுக்கோ வேப்பிலை வீசினனான்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி அந்த மாதமே கிளிவெட்டிக்குத் திரும்பிப் போனா. தகரப் பெட்டியை அப்பா தோளில் வைத்துக் கொண்டுபோய் விட்டார். தம்பி சுகமாகி வந்த பிறகும் மாமி எங்கள் வீட்டுக்குத் தங்க வரவில்லை. அம்மா மட்டும் நேர்ந்ததை விடாமல் அடுத்த வைகாசியில் தீச்சட்டி எடுத்தா. அது அம்மாள் இல்லையே, தெள்ளுத்தானே என்று அப்பா கேட்டதற்கு, பிள்ளை பிழைச்சது பிழைச்சதுதானே என்றா.

பூனையைச் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். அது அப்பாவிடம் பிடிபடவில்லை, என்னிடம்தான் வரும். நானே பிடித்து, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாக்குக்குள் விட்டுக் கொடுத்தேன். அப்பா காலை லோஞ்சுக்குக் கொண்டுபோனார். மற்றச் சாக்குகளை முற்றத்தில் போட்டு எரித்தோம். பின்னறை மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்துக் கொட்டிவிட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, புது மண் போட்டோம். இன்றைக்கு அந்த வீடும் இல்லை, ஒழுங்கைக்கு வேறு பேர்.

தம்பி வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா பெண் பிள்ளையை மறித்துவிட்டார் என்று ஊர் கதைத்தது, ரீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டா. அப்பா மறிக்கவில்லை. போ என்றுதான் சொன்னார். எனக்குப் போக ஏலாமல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்காத நேரத்தில் அவனில் ஏதும் ஊரும் என்று பயம். காலையில் எழும்பியதும் அவன் முகம் உப்பியிருக்கிறதோ என்று பார்ப்பேன், மூத்திரம் என்ன நிறம் என்று கேட்பேன். அவன் பெரிய வகுப்புக்குப் போய் மீசை முளைத்த பிறகும் கேட்டேன். அப்போது எனக்கு ஏசினான்.

இப்போது தம்பிக்கு அறுபதுக்குக் கிட்ட. உப்புவெளியில் இருக்கிறான். மூன்று வருடமாகச் சிறுநீரகம் பழுது, கிளினிக்குக்குப் போகிறான். சீனி வருத்தத்தாலும் பிரசராலும் வந்தது என்கிறார் டொக்டர். சின்ன வயதில் வந்த வீக்கத்தால் இப்படி வருமோ என்று நான் மூன்று தரம் கேட்டேன். பொதுவாக அது அப்போதே ஆறிவிடும் அம்மா என்றார். பொதுவாக என்று ஏன் சொன்னார்? அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக் நாளில் நானும் கூடப் போவேன். அவன் முதலே ஏறி வருவான், நான் இரண்டு தரிப்புத் தள்ளி அதே பஸ்ஸில் ஏறுவேன். மகள் வீட்டில் சொக்ஸ் போட்டுத் தெள்ளுப் பார்த்த கிழமை, கிளினிக்கில் அவனோடு மரவாங்கில் குந்தி இருந்து நம்பர் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொல்லிவிட்டேன். பூனை, தாள், பதினொரு நாள், எல்லாம். குரல் எழும்பாமல், பக்கத்து மனிசிக்குக் கேட்காமல் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பிடியோ" என்றான். நம்பர் கூப்பிட்டார்கள், எழும்பி உள்ளே போனான்.

பிறகு இரண்டு கிழமை போன் எடுக்கவில்லை. நாளுக்கு ஒருதரம் பின்னேரத்தில் எனக்கு எடுத்துக் கதைக்கிறவன். நான் அடித்தால் அவன் மனிசி, மச்சாள்தான் எடுத்து, அவர் படுத்திருக்கிறார் என்றா. அவன் மனதை நோகப்பண்ணி, இருக்கிற சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். வருத்தக்காரனிடம் ஏன் சொன்னாய் என்று மகள் ஏசினாள். அவள் சொன்னது சரி.

அடுத்த கிளினிக் நாள் விடிய எழும்பி, போவதா விடுவதா என்று தெரியாமலே போய்த் தரிப்பில் நின்றேன். பஸ் வந்தது. நல்ல சனம், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் நின்றுகொண்டு. அவன் யன்னலோரம் இருந்தான். பக்கத்துச் சீற்றில் அவனுடைய மருந்துக் கொப்பிப் பை இருந்தது. என்னைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்தான்.

இருந்தேன். பஸ் நகரசபையைத் தாண்டியது. பிறகு யன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்மா அண்டைக்கு உங்களுக்கு அடிச்சவாவோ?"

"இல்லை."

"பிறகும் இல்லையோ?"

"ஒருநாளும் இல்லை."

அவன் தலையை ஆட்டினான்.

"அடிச்சிருக்கலாம் அக்கா," என்றான். "அடிச்சிருந்தால் உங்களுக்கு அண்டையோட முடிஞ்சிருக்கும்."

ஆஸ்பத்திரியடி வந்தது, நான் முன்னால் இறங்கி, அவன் படியில் கால் வைக்கும்போது கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினான்.